ஒரே விலாவில் இரண்டு துளைகள்

தோலை உரித்து முடித்தபோதுதான் இரண்டு துளைகளும் தெரிந்தன. கடமான் கொட்டகை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இடது விலாவில் ஒரு துளை, தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலுக்கு நேராக. யார் சுட்டிருந்தாலும் பெருமைப்படக்கூடிய இடம். மற்றது அதற்கு ஒரு முழம் பின்னால், வயிற்றில். அந்தத் தோட்டா குடலைக் கிழித்து, உள்ளே இருந்ததையெல்லாம் இறைச்சி மேல் வாரி அடித்திருந்தது. கதவைத் திறந்து வைத்திருந்தும் நாற்றம் வெளியே போக மறுத்தது.

"இதுல நல்லது எது, கெட்டது எதுன்னு சொல்ல நீதிபதி வேண்டாம்," என்றான் பென்த்தி, கத்தியைத் தொடையில் துடைத்தபடி. "எது யாரோடதுன்னு சொல்லத்தான் ஆள் வேணும்."

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். வாசலருகே துய்ரே குனிந்து தன் நாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது இருபது கண்கள் தன்மேல் இருப்பதைப் பார்த்தாள்.

"நான் தோள்லதான் வச்சேன்," என்றாள்.

"நானும் தோள்லதான் வச்சேன்," என்றான் ரெய்யோ. "ரெண்டு பேரும் தோள்ல வச்சா வயித்துல வச்சது யாரும்மா, பிசாசா?"

அன்று காலையில் நடந்ததில் சிக்கல் ஒன்றும் இல்லை. கோர்பிவாரா வேட்டைச் சங்கத்திலிருந்து நாங்கள் பதினோரு பேர் போயிருந்தோம். நாயை விட்டு விரட்டிய முதல் முறை எதுவும் கிடைக்கவில்லை. தீ மூட்டி, தொத்திறைச்சி சுட்டு, காபி குடித்தோம். பஞ்சு மாதிரி ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. பிறகு இல்போ, எங்கள் வேட்டைத் தலைவன், மரம் வெட்டிய வெளியின் ஓரத்தில் ஆட்களைப் பரண்களில் நிறுத்தினான். ரெய்யோவுக்கு ஒரு பரண், கூப்பிடு தூரத்தில் துய்ரேக்கு அடுத்தது. துய்ரேயின் நாய் ஹல்லி காட்டுக்குள்ளிருந்து கடமானைக் கிளப்பியது. அது இரண்டு பரண்களுக்கும் நடுவில் வெளியே வந்து, இருவருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டியபடி நடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெடி. கடமான் கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது. தோட்டாக்கள் உடம்பைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விட்டன. கிடைத்திருந்தாலும் பயனில்லை. சங்கம் மொத்தமாக வாங்கிய ஒரே வகைத் தோட்டாவைத்தான் இருவரும் போட்டிருந்தார்கள்.

ஆக, துப்புக்கு மிச்சமிருந்தவை துப்பாக்கிகள் மட்டும்தான். ரெய்யோவுடையது எங்கள் மாவட்டத்திலேயே விலை உயர்ந்த போல்ட் ரைஃபிள்களில் ஒன்று. துய்ரேயுடையது கடையில் இருந்ததிலேயே மலிவானது. எந்தத் துளை எதனுடையது என்று கொட்டகையில் இருந்தவர்கள் முடிவு செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டையும் விற்றவன் நான். நகரத்து இரும்புக்கடையில் துப்பாக்கிப் பிரிவில் நிற்கிறேன்.

துய்ரேக்கு அது வெறும் மானக்கேடு மட்டும் அல்ல. அவள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டாக்ஸி ஓட்டுகிறாள். தெற்கிலிருந்து வந்து எங்கள் ஏரிக்கரையில் சின்ன வீடு வாங்கியவள். அவளுக்குச் சொந்தக் காடு கிடையாது. காடு இல்லாதவர்களுக்கு எங்கள் பக்கம் வேட்டையாடச் சங்கம்தான் வழி. முதல் ஓராண்டு சோதனை உறுப்பினர், பிறகு கூட்டத்தில் ஓட்டு. பக்கத்துச் சங்கம் அவளை ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டது. எங்களுடையதும் அனுப்பிவிட்டால், குட்டியிலிருந்து கடமானுக்காகவே பழக்கிய அந்தச் சாம்பல் நாயை வேலிக்குள் கட்டிப்போட வேண்டியதுதான். இல்லையென்றால் காடு உள்ள எவனுக்காவது கொடுத்துவிட வேண்டும். நவம்பர் கடைசியில் ஓட்டு. சங்கம் வேட்டையாடும் காட்டில் பாதி ரெய்யோவுடையது.

நாறிய இறைச்சியைக் கழுவினோம். முதுகுச் சதையில் பெரும்பகுதியைக் குழியில் கொட்டினோம். மிச்சத்தை வெட்டி, மேஜையில் பதினோரு குவியலாக வைத்தோம். பங்கு பிரிக்கும் முறை எங்களில் எல்லாருக்கும் தெரியும். இல்போ சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். பென்த்தி ஏதாவது ஒரு குவியல்மேல் கை வைத்து "இது யாருக்கு?" என்பான். எந்தக் குவியல் என்று பார்க்காமல் இல்போ ஒரு பெயர் சொல்வான். யாரும் குறை சொல்ல முடியாது.

"இது யாருக்கு?"

"தபானிக்கு." அது நான்.

"இது யாருக்கு?"

"ரெய்யோவுக்கு."

குவியல்களில் ஒன்று மட்டும் மோசம். வயிற்றுப் பக்கத்துத் துண்டுகள் அதில் அதிகம், கழுவியும் நிறம் மாறியிருந்தது. பென்த்தி அதன்மேல் கை வைத்தான். வழக்கமாகச் சீட்டாட்டத்தில் சீட்டு இறக்குவது போலப் படபடவென்று கேட்பவன். அந்த முறை மட்டும் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டு, "இது... யாருக்கு?" என்றான்.

"துய்ரேக்கு," என்றான் இல்போ சுவரிடம்.

தற்செயலாக இருக்கலாம். பதினோரு பேரில் ஒருவருக்கு அது போயே ஆக வேண்டும். துய்ரே பையைப் பிரித்து அள்ளிப் போட்டுக்கொண்டாள். போகும்போது பென்த்தியின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். அவன் கத்தியைத் தீட்டத் தொடங்கினான். ஏற்கெனவே தீட்டிய கத்தி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுடும் திடலுக்கு வரச் சொல்லி இல்போ இருவரையும் கூப்பிட்டான். "வாய்ல பேசி என்ன ஆகப்போகுது, காகிதம் பேசட்டும்" என்பது அவன் யோசனை. வானம் வெளுத்து, காய்ந்த குளிர். மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து இருவரும் குறிக் காகிதத்தில் மும்மூன்று முறை சுட்டார்கள். ரெய்யோவின் மூன்று துளைகளையும் ஒரு இரண்டு யூரோ காசு மூடிவிட்டது. துய்ரேயுடையதை மூட உள்ளங்கை வேண்டியிருந்தது.

"காசு எங்க, உள்ளங்கை எங்க?" என்றான் பென்த்தி. "காகிதம் பேசிடுச்சு. கேஸ் முடிஞ்சுது."

"ரெண்டுமே கடமானுக்குப் போதும்," என்றேன்.

"நீ சொல்லாம யாரு சொல்லுவா? வித்த வாய் ஆச்சே."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விலை குறைந்ததற்கும் கூடியதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மலிவான துப்பாக்கியின் பிளாஸ்டிக் கட்டையைத் தட்டினால் காலி வாளி மாதிரி சத்தம் வரும். தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்தால் ஈரத்தில் ஊறிய மேஜை இழுப்பறைபோல நடுவில் ஒருமுறை சிக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை நாலு திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் அதன் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். விலை உயர்ந்ததில் வாதுமைக் கட்டை, கைக்குள் உருகி ஒட்டுவது போல. போல்ட் விரல் நுனிக்கு ஓடும். ஸ்கோப்பைக் கழற்றி மாட்ட நெம்புகோல் போல ஒரு சின்ன நெம்பு உண்டு. அதைத் தள்ளினால் கையோடு வந்துவிடும், மறுபடி மாட்டினால் அதே இடத்தில் உட்காரும். ஆனால் குழல் என்று வந்தால், இன்றைய இயந்திரங்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் செய்கின்றன. தோட்டா குழல் வழியாகத்தான் போகிறது, கட்டை வழியாக அல்ல. இதை நான் முதலாளி காதில் விழாமல் சொல்வேன்.

அதனால்தான் காகிதம் பேசியது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளங்கையளவு சிதறும் துப்பாக்கி ஒரு முழம் தள்ளிச் சுடாது. ஆள் சுடலாம். கடமானைக் கண்டதும் கை நடுங்கி விசையை இழுத்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் சுட்டவர்களுக்கும் அது நடக்கும். திடலில் நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தேன். வெடிக்கும்போது இமை மூடவில்லை. ஆனால் காகிதத்துக்குக் கொம்பு இல்லை, ஓடவும் ஓடாது. அதனால் என் சந்தேகப் பட்டியலில் அவளும் இருந்தாள். உண்மையைச் சொன்னால், அவள் பெயரை அதிலிருந்து எடுக்க நான் ஆசைப்படுவதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளே கடைக்கு வந்தாள். உறையைத் திறந்து துப்பாக்கியை என் மேஜைமேல் வைத்தாள்.

"கழட்டிப் பாருங்க. எல்லாத்தையும்."

"என்னத்தைத் தேடணும்?"

"யாராவது கை வச்சிருக்காங்களான்னு."

"யாரு கை வைப்பாங்க?"

"காபி குடிக்கறப்ப எல்லாத் துப்பாக்கியும் ஒரே மரத்துலதானே சாஞ்சு நின்னுச்சு. யாரு வேணா வச்சிருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும்தான்," என்றாள்.

கோபப்படுவதற்கு இடமில்லாத குரலில் சொன்னாள். போல்ட்டை உருவினேன். திருகாணிகளைப் பார்த்தேன். விற்கும்போது அவற்றின் தலையில் நான் வைத்த சிவப்பு வண்ணக் கோடு அப்படியே இருந்தது. யாரும் திருகவில்லை. பிறகு ஒரு ரசீதுத் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தேன். தடையில்லாமல் ஓடியது. கட்டையின் முன்பக்கத்தை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தேன். தாள் சிக்கிக் கிழிந்தது.

அவள் முகம் வெளுத்தது. "அப்போ என்னுதுதானா?"

"பிளாஸ்டிக் வளையுது. வளைஞ்சா குழலைத் தொடும், தொட்டா தோட்டா நகரும். மலிவுத் துப்பாக்கிக்கெல்லாம் உள்ள வியாதி இது. ஆனா நாலு விரல் நகரும். முழம் நகராது. பரண் கம்பில துப்பாக்கியை வச்சு அழுத்தினியா?"

"கம்புல என் கையைத்தான் வச்சேன். துப்பாக்கி என் கைமேல."

"நிச்சயமா?"

"நீங்களும் அவங்களை மாதிரியே கேக்கறீங்க."

நியாயம்தான். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகக் காபி ஊற்றிக் கொடுத்தேன். வெளியே மறுபடி ஈரப்பனி பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை விழுந்த அதே மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தீயருகே ரெய்யோ உட்கார்ந்திருந்த கோலம் கண்ணில் வந்தது. ரெய்யோ ஓய்வெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வான். கண்ணாடியில் பனி படக்கூடாதாம். எங்களுடையதெல்லாம் நனைந்துகொண்டிருக்கும், அவனுடையது நெஞ்சோடு சூடாக இருக்கும். நாங்கள் பொறாமையோடு பார்ப்போம். ஆனால் ஸ்கோப் கோட்டுக்குள் இருந்த நேரத்தில், அது உட்காரும் இடம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

ரெய்யோவுடையதைப் போன்ற துப்பாக்கி ஒன்று கடை அலமாரியில் இருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அதைப் பின் முற்றத்துக்கு எடுத்துப் போய் இடுக்கியில் பொருத்தினேன். போல்ட்டை உருவிவிட்டால் குழல் ஒரு தொலைநோக்கி மாதிரி. பின்னாலிருந்து கண்ணை வைத்தால் அது எங்கே பார்க்கிறது என்று தெரியும். கைவிட்டுப்போன மரமறுக்கும் ஆலையின் புகைபோக்கி தூரத்தில் நின்றது. அதன் உச்சியில் இருந்த இரும்பு ஏணியைக் குழலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஸ்கோப்பில் பார்த்தேன். குறுக்குக் கோடும் அதே ஏணியில் இருந்தது. நெம்பைத் தள்ளி ஸ்கோப்பைக் கழற்றினேன். காபி குடிக்கும் நேரம் வரை பனியில் விட்டேன். கையால் துடைத்தேன், ரெய்யோ துடைப்பது போல மேலோட்டமாக. ஸ்கோப்பை மாட்டி நெம்பை மூடினேன். எப்போதும் கேட்கும் அதே சொடுக்குச் சத்தம். கொஞ்சமும் வேறாக இல்லை.

"பாரு," என்றேன்.

துய்ரே முதலில் குழல் வழியாகப் பார்த்தாள். "ஏணி." பிறகு ஸ்கோப்பில். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "புகைபோக்கியையே காணோம். வானம்தான் தெரியுது."

கழற்றிப் பார்த்தோம். ஸ்கோப் உட்காரும் பள்ளத்தின் ஒரு மூலையில் பனி நசுங்கி, நகத்தைவிட மெல்லிய ஐஸ் தகடாக ஒட்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் சூட்டில் தண்ணீராகிவிட்டது.

"போதுமே இது," என்றாள் அவள். குரலில் முதல்முறையாக உயிர் இருந்தது.

"போதாது. இது வேற துப்பாக்கி, இது வேற பனி. ரெய்யோவோடது அன்னிக்கு ராத்திரி அவன் வீட்டு கொதிகலன் அறையில காஞ்சிருக்கும். திடலுக்கு வந்தப்ப அதுல தண்ணிகூட இருந்திருக்காது."

"அப்போ அது நல்லா சுட்டது எதுக்கும் சாட்சி இல்ல."

"இல்ல. ஆனா கெட்டுச்சுங்கறதுக்கும் சாட்சி இல்ல."

அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நல்ல வியாபாரி நீங்க. ரெண்டு பக்கமும் விக்கறீங்க."

இல்போவிடம் போனேன். அவன் மாட்டுக்கொட்டகையில் தீவனம் தள்ளிக்கொண்டிருந்தான். சொன்னதையெல்லாம் மண்வெட்டியை நிறுத்தாமல் கேட்டான்.

"நீ ரெண்டையும் வித்தவன்," என்றான். "விலை ஜாஸ்தியானது தப்பு பண்ணுச்சுன்னு நீ சொன்னா, மலிவானதை வித்ததை மழுப்பறேன்னு ஒருத்தன் சொல்லுவான். அவ மேல உனக்குக் கண்ணுன்னு பென்த்தி சொல்லுவான்."

"பென்த்தி எதைத்தான் சொல்லல? அன்னிக்கு அந்தக் குவியல்மேல கை வச்சப்ப மட்டும் அவன் ஏன் மூச்சு இழுத்தான்?"

மண்வெட்டி நின்றது. "எந்தக் குவியல்?"

அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை. மாடுகள் மென்றுகொண்டிருந்தன. "ரெய்யோகிட்டயே பேசு," என்றான் கடைசியில். "என்கிட்ட வராத. நான் தலைவன். நான் ஒரு பக்கம் சாய முடியாது."

ஏற்கெனவே சாய்ந்துவிட்டவன் பேசுகிற மாதிரி எனக்குக் கேட்டது.

ரெய்யோ தன் மரம் வெட்டும் இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. நான் பூட்ஸிடம் பேசினேன். ஈரப்பனி, பள்ளம், ஐஸ், புகைபோக்கி. சொல்லி முடித்ததும் அவன் உருண்டு வெளியே வந்தான்.

"கழட்டி மாட்டினா இம்மி நகராதுன்னு சொன்னது யாரு? நீதானே? பக்கம் பக்கமா புத்தகம் காட்டின?"

"சுத்தமா இருந்தா நகராது."

"அப்போ சொல்லலையே, சுத்தமா இருந்தான்னு."

"யாரும் பனியில கழட்டி வைப்பாங்கன்னு நான் நினைக்கல, ரெய்யோ."

"ஆக நான் முட்டாள்." அவன் எழுந்து நின்றான். என்னைவிட ஒரு தலை உயரம். "இருபத்தாறு வயசுலேர்ந்து சுடறேன். இன்னி வரைக்கும் ஒரு மிருகத்துக்கு வயித்துல வச்சதில்ல. என் வாழ்க்கையில ஒருத்தன் அதைச் சொன்னதில்ல. அந்த டாக்ஸிக்காரிக்காக நீ வந்து சொல்றே."

"சொல்லல. செஞ்சு பாருன்னுதான் சொல்றேன். உன் துப்பாக்கி, உன் பனி. தனியா பாரு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கிளம்பு."

அவன் வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, புகைபோக்கியில் புகை. இத்தனை ஆண்டுகளில் அந்த வாசலுக்குப் போய்க் காபி குடிக்காமல் நான் திரும்பியது அன்று ஒருமுறைதான். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவன் மனைவி நின்று, நான் காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்த எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். அது நல்ல அறிகுறி அல்ல.

சனிக்கிழமை மறுபடி வேட்டைக்குக் கூடினோம். தூரத்திலும் ஆள் தெரியும் ஆரஞ்சுச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு எல்லாரும் வண்டிகளைச் சுற்றி நிற்கும்போது ரெய்யோ வந்தான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டினான். வாதுமைக் கட்டை, மேலே பளபளக்கும் நீல இரும்பு. அதன் நடுவில், ஸ்கோப் நெம்பைச் சுற்றி, மின்சாரக் கம்பிக்கு ஒட்டும் கறுப்பு டேப். ஒரு சுற்று அல்ல. நெம்பே தெரியாத அளவுக்கு, விரலால் திறக்கவே முடியாத அளவுக்கு இறுக்கிச் சுற்றியிருந்தது. அவ்வளவு விலை கொடுத்த பொருளின்மேல் ஒட்டுப்போட்ட தண்ணீர்க் குழாய் மாதிரி.

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள். எதைக் கண்டாலும் ஒரு சொல் விடாமல் இருக்க முடியாத பென்த்தி, "காத்து வடக்கேர்ந்து வருதோ?" என்று கேட்டான். காற்றே இல்லை.

தீயருகே உட்கார்ந்தபோது பனி விழத் தொடங்கியது. ரெய்யோ ஸ்கோப்பைக் கழற்றவில்லை. தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் மூடினான். அவனுடைய வழுக்கைத் தலையில் பனி விழுந்து வழிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த துய்ரே தொத்திறைச்சியைத் திருப்புவதை மறந்து அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சி ஒரு பக்கம் கருகியது. அவன் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அன்று யாரும் எதையும் சுடவில்லை.

செய்து பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறமும் நான் நிம்மதியாக இல்லை. தெரிந்துகொண்டவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்ல முடியாது. தன் தவறு வெளியே வரக்கூடாது என்றால் சாட்சியை ஊரைவிட்டு அனுப்புவதுதான் சுலபம். ஒரு கை தூக்காமல் இருந்தால் போதும். அவன் தூக்காவிட்டால் அவன் காட்டை நம்பியிருக்கும் இன்னும் ஐந்து பேர் தூக்கமாட்டார்கள்.

நவம்பர் கடைசிக் கூட்டம் வேட்டைக் குடிலில் நடந்தது. காபி, ஏலக்காய் ரொட்டி. சோதனை உறுப்பினர் பற்றிப் பேசும்போது அவர் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. துய்ரே கோட்டை மாட்டிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. சாத்தாமல் விட்டது யார் என்று நான் கவனிக்கவில்லை.

"பேச்சு உண்டா?" என்றான் இல்போ.

கரண்டிகள் கோப்பையில் சுற்றின. "ரெய்யோ என்ன சொல்றான்னு கேக்கலாமே," என்றான் பென்த்தி.

ரெய்யோ மேஜையைப் பார்த்தபடி, "நாய் நல்ல நாய்," என்றான்.

"நாய்க்கு ஓட்டு போட முடியாதேப்பா. அது சந்தா கட்டாது," என்றான் பென்த்தி.

இரண்டு பேர் சிரித்தார்கள், அப்புறம் நிறுத்திக்கொண்டார்கள். இல்போ ஓட்டுக்கு விட்டான். என் கையைத் தூக்கினேன். இன்னும் இரண்டு மூன்று கைகள் எழுந்தன. மற்றவர்கள் மூக்கைச் சொறிந்தபடி ரெய்யோவின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். அது கோப்பையைச் சுற்றி இருந்தது. பிறகு கோப்பையை விட்டது, மேலே போனது. உடனே மழைக்குப் பின் காளான் மாதிரி கைகள் முளைத்தன. பென்த்தியுடையது உட்பட.

துய்ரேயைக் கூப்பிட்டார்கள். இல்போ எழுந்து, "சங்கத்துக்கு வரவேற்கிறோம்," என்று கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கோட்டுப் பைக்குள் கைகளை வைத்துக்கொண்டே நின்றாள்.

"அந்த வயித்துத் தோட்டா யாரோடது?"

"முடிஞ்ச கதைம்மா," என்றான் பென்த்தி. "உள்ள வந்தாச்சு. காபி குடி."

"உங்களுக்கு முடிஞ்சுது. நாளைக்கு வேற யாரு தப்பா சுட்டாலும் எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவீங்க. அன்னிக்குத் திரும்பினீங்களே, அது மாதிரி. நான் கேட்டது அவ்வளவுதான். யாரோடது?"

இல்போவின் கை இன்னும் காற்றில் நின்றது. அவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே இறக்கினான். இப்போதே சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் நான் சொன்னால் அது மறுபடி இரண்டையும் விற்றவனின் பேச்சு. விறகு அடுப்பு முனகியது.

ரெய்யோ நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து வெளியே போகப் போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை.

"அடுத்த சனிக்கிழமை இவளை என் பக்கத்துப் பரண்ல போடு," என்றான் இல்போவிடம். "அதுக்கு அடுத்த சனிக்கிழமையும். கடமான் வெளிய வந்தா முதல்ல இவ சுடட்டும். இவ சுட்டு முடிக்கற வரைக்கும் நான் விசையில விரல் வைக்கமாட்டேன்."

எங்கள் சங்கத்தில் ரெய்யோ யாருக்கும் முதலில் சுடும் வாய்ப்பைக் கொடுத்ததில்லை. தன் தம்பிக்குக்கூட.

"ஏன்?" என்றான் இல்போ, கேட்காமல் இருக்க முடியாமல்.

"ஏன்னு தெரியாதவன் இந்த ரூம்ல இருக்கானா?"

பென்த்தி ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு மெல்லவில்லை. துய்ரே ரெய்யோவை உற்றுப் பார்த்தாள். அவன் கொடுத்தது மன்னிப்பா, இல்லை அவளை வேறு ஒரு விதத்தில் மாட்டிவைக்கும் ஏற்பாடா என்று அவள் எடை போடுவது தெரிந்தது. ஓராண்டு எங்களோடு இருந்தவள், அப்படிப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"எந்தப் பரண்?" என்றாள். "இப்பவே சொல்லுங்க. எல்லார் முன்னாடியும்."

ரெய்யோ சுவரிலிருந்து வேட்டைக் காட்டின் வரைபடத்தைக் கழற்றி, கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மேஜைமேல் விரித்தான். அவள் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தாள்.